கடலுக்கடியில் ஒரு வரவேற்பு

துடியலூர் கிருபாசங்கருக்குக் கடல்மீது திடீர்க் காதல் பிறந்ததற்குக் காரணம் கடல் இல்லை. வெள்ளகோவிலில் அவருடைய மச்சினன் கட்டி முடித்திருந்த புது வீடு.

வீடு நல்ல வீடுதான். மச்சினன் செங்கோட்டையனும் நல்லவன்தான். கிரகப்பிரவேசத்துக்குத் தை மாதம் இரண்டாவது ஞாயிறு என்று நாளையும் நல்லதாகத்தான் பார்த்திருந்தார்கள். கெட்டது ஒன்றே ஒன்று. மனைவி மாரியாத்தாளின் பிறந்த வீட்டில் எந்த விசேஷம் என்றாலும், வாசலில் நின்று வருகிறவர்களை ‘வாங்க’ கேட்கும் வேலை கிருபாசங்கருடையது. அந்த வீட்டுக்கு அவர் ஒரே மாப்பிள்ளை. இருபத்தாறு வருஷமாக அந்தப் பதவிக்கு வேறு யாரும் போட்டியிடவில்லை.

வாசலில் நிற்பதில் என்ன கஷ்டம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். கேட்கட்டும், அவர்களுக்குத் தெரியாது. கொங்குநாட்டில் ஒருவர் வந்துவிட்டார் என்பதற்கு அவர் வந்து நிற்பது போதாது. ‘வாங்க’ என்று ஒருவர் கேட்டால்தான் வந்ததாக அர்த்தம். அதையும் முகத்தைப் பார்த்து, கையைக் கூப்பி, தனித்தனியாகக் கேட்க வேண்டும். புருஷனுக்கு ஒன்று, பெண்டாட்டிக்கு ஒன்று, இடுப்பில் இருக்கிற குழந்தைக்கு ‘வா கண்ணு’ ஒன்று. மொத்தக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு ‘வாங்க’வை வீசிவிட்டுத் தப்பிக்க முடியாது. யாருக்காவது விட்டுப்போனால் அவர் சாப்பிடாமல் திரும்பிப் போவார். அப்படிப் போனவர் மறுபடி அந்த வாசலை மிதிப்பதற்குள் அவருக்குப் பேரன் பிறந்திருப்பான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், செங்கோட்டையன் மகளின் காதுகுத்தில் அதுதான் நடந்தது. வாசலில் நின்ற கிருபாசங்கர் ஒரு தும்மல் தும்மினார். ஒரே ஒரு தும்மல். அவர் கண்ணைத் திறப்பதற்குள் மாரியாத்தாளின் முத்தூர்ப் பெரியப்பா அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டார். போனவர் போன வேகத்திலேயே வெளியே வந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பஸ் ஏறிவிட்டார். அன்றைக்கு மூடிய வாயை அவர் இந்த வீட்டு மனுஷர்களிடம் திறக்கவே இல்லை. அதற்கப்புறம் துடியலூர் வீட்டில் பால் பொங்கி வழிந்தாலும் சரி, கரண்ட் பில் கட்ட மறந்தாலும் சரி, பேச்சு கடைசியில் முத்தூரில்தான் போய் நிற்கும்.

மாரியாத்தாள் சத்தம் போட்டுச் சண்டை போடுகிறவள் இல்லை. அவளுக்குக் கோபம் ஏற ஏற மரியாதை ஏறும். சாதாரண நாளில் பேச்சுக்கு ஒரு ‘ங்க’ போடுவாள். அது இரண்டு, மூன்று என்று கூடினால் கிருபாசங்கர் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிடுவார்.

கடை என்றால் மேட்டுப்பாளையம் ரோட்டில் இருக்கும் மோட்டார் கடை. புது மோட்டார் விற்பார். எரிந்துபோன மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டித் தருவார். பக்கத்துப் பாத்திரக் கடை யாகூப் பாய்க்குச் சொந்தம். கார்த்திகை மாதத்து மத்தியானம் ஒன்றில், டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு கிருபாசங்கர் மெல்ல ஆரம்பித்தார்.

“பாய், ஒரு பத்து நாளைக்கு மனுசன் கண்ணுல படாம இருக்கோணும்னா எங்கீங்க போறது?”

“எதுக்கு சங்கர்ணா? போலீஸ் கேஸா?”

“அதுன்னாக்கூட பரவால்லீங்களே. கிரகப்பிரவேசம்.”

யாகூப் பாய் முப்பது வருஷமாகப் பக்கத்துக் கடைக்காரர். மேற்கொண்டு விளக்கம் கேட்கவில்லை.

“ஊட்டிக்குப் போயிருங்க.”

“மச்சினன் கார் எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போயிருவான்.”

“மெட்ராஸ்?”

“அங்க அவ சித்தி இருக்குது.”

“அப்ப கடலுக்குள்ளதான் குதிக்கோணும்” என்ற பாய், டம்ளரைக் கீழே வைத்தார். “அட, நெசமாத்தான் சொல்றேன். எந்தங்கச்சி மக ஹுமேரா மண்டபம் பக்கத்துல பவளப்பாறையக் காப்பாத்தற குழுவுல இருக்கறா. ஒடஞ்ச பவளத்தையெல்லாம் எடுத்து, சிமெண்டுப் பலகையில கட்டி, கடலுக்கடியில மறுபடி நட்டு வெக்கறாங்களாம். தை மாசம் பத்து நாள் வேலை. சிலிண்டர் மாட்டிட்டு முங்கறதுக்கு ஆள் வேணும்னு கேட்டுட்டிருந்தா. சம்பளம் கெடையாது. சோறு போடுவாங்க.”

“தண்ணிக்கடியில போன் எடுக்குங்களா?”

“போனா? வாயில குழாய் இருக்கும் சங்கர்ணா. ஒரு வார்த்தை பேச முடியாது. யாரும் யாருகிட்டயும் பேச முடியாது.”

கிருபாசங்கருக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஓர் இடம் பூமியில் இருக்கிறது என்று ஐம்பத்திரண்டு வயதுவரை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மாரியாத்தாள் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தாள்.

“மாரி, நாட்டுக்காக ஒரு காரியம் பண்ணலாம்னு இருக்கறேன்.”

“எந்த நாட்டுக்குங்க?”

“நம்ம நாட்டுக்குத்தான். கடல்ல பவளப்பாறையெல்லாம் அழிஞ்சுட்டு வருது. மீனெல்லாம் குடியிருக்க ஊடு இல்லாமத் தவிக்குது.”

“அட பாவமே. மீனுக்கு ஊடு இல்லீங்களா?”

“இல்ல. தை மாசம் பத்து நாளு நாங்க போயித்தான் கட்டிக் குடுக்கோணும்.”

“மீனு ஊட்டுக்குப் பத்து நாளு போறீங்க. எந்தம்பி ஊட்டுக்கு ஒரு நாளு வர முடியாதுங்களாக்கு.”

“அத நெனச்சாத்தான் எனக்கு நெஞ்சே அடைக்குது. என்ன பண்றது? கடல் நம்ம சௌரியத்துக்கு அமைதியா இருக்குமா? அந்தப் பத்து நாளுதான் இருக்கும்.”

மாரியாத்தாள் ஒரு அவரைக்காயின் நாரை முழுசாக உரித்து முடித்தாள்.

“அதும் சரிதானுங்க. நல்ல காரியமுங்க. நா வேண்டாம்னு சொல்லுவனுங்களா? எந்தத் தேதிக்குப் போறீங்க, எந்தத் தேதிக்குத் திரும்பி வாரீங்கன்னு மட்டும் சொல்லுங்க. காலண்டர்ல குறிச்சு வெச்சுக்கறனுங்க.”

அவர் தேதியைச் சொன்னார். அவள் குறித்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்துக்கொண்டு தம்பியோடு பேசப் பின்பக்கம் போனாள். அவள் போட்ட ‘ங்க’க்களை அவர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் எண்ணத் தவறிவிட்டார்.

மார்கழி முழுவதும் பயிற்சி. காந்திபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு நீச்சல் குளத்தில் சனி, ஞாயிறு வகுப்பு. கிருபாசங்கர் நீச்சலில் புலி. ஆனால் கிணற்றுப் புலி. அறுபதடிக் கிணற்றின் மேட்டிலிருந்து முழங்காலைக் கட்டிக்கொண்டு தொபுக்கடீரென்று விழுந்தால்தான் அவருக்கு நீச்சல் ஆரம்பமாகும். முதல் நாள் அப்படி விழுந்ததில் கரையில் உட்கார்ந்திருந்த பயிற்சியாளர் தலைமுதல் கால்வரை நனைந்தார். அடியைத் தொட்டதற்கு அத்தாட்சியாக ஒரு பிடி சேறு அள்ளி வருவதும் கிணற்று வழக்கம். குளத்தில் சேறு இல்லாததால் யாரோ தொலைத்த ஒற்றைக் கம்மலை எடுத்துக்கொண்டு வந்து நீட்டினார். ஆனாலும் மனுஷர் விடவில்லை. நான்கே வாரத்தில், சத்தம் போடாமல் இறங்கவும், எதையும் எடுக்காமல் ஏறவும் கற்றுக்கொண்டார். தப்பிக்க நினைக்கிறவனுக்கு வருகிற கவனம் வேறு யாருக்கும் வராது.

தை பிறந்தது. கட்டுச்சோறு, நிலக்கடலை, தைலம், இரண்டு சால்வை எல்லாம் வைத்து மாரியாத்தாளே பை கட்டிக் கொடுத்தாள். பஸ் ஸ்டாண்டுவரை வந்து வழியனுப்பினாள். இருபத்தாறு வருஷத்தில் அவள் இவ்வளவு லேசாக எதற்கும் சம்மதித்ததில்லை என்பது பஸ் ஒட்டன்சத்திரம் தாண்டியபோது அவருக்கு உறைத்தது. அடுத்த ஊரில் டீக்கு நிறுத்தினார்கள். டீ நன்றாக இருந்ததால் மறந்துவிட்டார்.

கடற்கரை முகாமில் ஹுமேரா காத்திருந்தாள். கோயமுத்தூர் உக்கடத்துப் பெண். இருபத்தெட்டு வயது. கடலுக்குள் மீன் மாதிரியும் கரையில் ஹெட்மாஸ்டர் மாதிரியும் இருப்பாள்.

“அங்கிள், மூணே மூணு விஷயம். எதையும் தொடக் கூடாது. கையில குடுத்தத கீழ போடக் கூடாது. என்ன ஆனாலும் வாயத் தொறக்கக் கூடாது.”

“அதுக்குத்தானம்மணி வந்திருக்கறேன்” என்றார் கிருபாசங்கர்.

இரண்டு நாள் கரையோரத்தில் பழக்கிவிட்டு, மூன்றாம் நாள் படகில் கூட்டிப்போய் இறக்கினாள். பதினைந்தடி ஆழம்தான். ஆனால் தலைக்கு மேல் தண்ணீர் மூடியதும் உலகத்தின் வாய் மூடிக்கொண்டது. கீழே மான்கொம்பு மாதிரி, காலிஃபிளவர் மாதிரி, மூளை மாதிரி பவளங்கள். சில இடங்களில் உயிர் போய் வெளுத்துக் கிடந்தன. அவற்றுக்கு நடுவில் சுண்டுவிரல் நீளத்துக்குப் புதுக் கிளைகள் முளைத்திருந்தன. போன வருஷம் யாரோ கட்டி நட்டவை. கோடு போட்ட சின்ன மீன்கள் அதற்குள் புகுந்து புகுந்து வந்தன. தான் இத்தனை நாள் இதைப் பார்க்காமல் இருந்துவிட்டோமே என்று அவருக்கு வருத்தமாக இருந்தது. தப்பித்து வந்தவர்தான், ஆனால் மேலே ஏறும்போது உண்மையாகவே அந்த வேலைமீது ஆசை வந்திருந்தது.

மறுநாள் அவர் கையை நம்பி ஒரு பலகையைக் கொடுத்தார்கள். ஆறு பவளத் துண்டுகள் கட்டிய பலகை. ஒவ்வொன்றும் ஒன்பது மாதம் தொட்டியில் வளர்த்தது. கிருபாசங்கர் ஒரு பக்கம், ஹுமேரா ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள். இரண்டு பாறைகளுக்கு நடுவில் வாசல் மாதிரி ஓர் இடைவெளி. அதன் முன்னால் பலகையை வைக்க வேண்டும். எல்லாம் சரியாகத்தான் போனது.

அப்போதுதான் அந்த இடைவெளி வழியாக, காலையில் முன்னால் போன குழுவினர் ஆறு பேர், இரண்டு இரண்டு பேராக, வரிசையாக, அவருக்கு நேர் எதிரே வந்தார்கள்.

கிருபாசங்கருக்கு யோசிக்க நேரமில்லை. யோசிக்கவும் இல்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம் தானாக வேலை செய்தது. கை இரண்டும் பலகையை விட்டுவிட்டுக் கூப்பிக்கொண்டன. தலை லேசாகக் குனிந்தது. வாய் திறந்தது.

“வாங்க!”

குபுக்கென்று ஒரு குடம் குமிழி. குழாய் ஒரு பக்கம் போனது. கடல் இன்னொரு பக்கமாக உள்ளே வந்தது. பலகை பாறையில் மோதி நான்கு துண்டுகள் முறிந்தன. ஹுமேரா குழாயைப் பிடித்து அவர் வாயில் திணித்து, சட்டையைப் பற்றி மேலே கொண்டுவந்து படகில் போட்டாள்.

“என்னாச்சு அங்கிள்? மயக்கமா? நெஞ்சு வலியா?”

“இல்லம்மணி” என்று இருமினார் அவர். “எதுத்தாப்பல ஆள் வந்தாங்க.”

“வந்தா?”

“வாங்கன்னு கேக்காம எப்படீம்மணி இருக்கறது?”

வேறு ஊர்ப் பெண்ணாக இருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பாள். ஹுமேரா கோயமுத்தூர்ப் பெண். படகில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் கண்டிப்பான முகத்துக்குத் திரும்பினாள். “இனிமே உங்களைத் தண்ணிக்குள்ள விட முடியாது அங்கிள். சாரி” என்றாள். விண்ணப்பத்தில் ‘அவசரத்துக்குத் தகவல் சொல்ல வேண்டியவர்’ என்ற இடத்தில் யார் நம்பர் இருந்ததோ அந்த நம்பருக்குத் தகவலும் சொன்னாள். அது மாரியாத்தாளின் நம்பர்.

முறிந்த துண்டுகளை மடியில் வைத்துக்கொண்டு கிருபாசங்கர் கரையில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது மாதம் வளர்ந்ததை ஒரு நொடியில் முறித்துவிட்டோமே என்று மனசு அறுத்தது. கை சும்மா இருக்கவில்லை. நைலான் கயிறு ஒன்றை எடுத்து, முறிந்ததை ஒவ்வொன்றாகப் பலகையில் வைத்துச் சுற்ற ஆரம்பித்தார். மோட்டாருக்குக் காயில் சுற்றிய கை. இறுக்கமாகவும் இருந்தது, பவளத்துக்கு வலிக்காமலும் இருந்தது. ஹுமேரா ஒரு முடிச்சை இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. மறுநாளிலிருந்து பலகை கட்டும் வேலை முழுவதும் அவர் கைக்கு வந்தது. பையன்களும் பெண்களும் அவரைச் சுற்றி உட்கார்ந்து கட்டக் கற்றுக்கொண்டார்கள். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மாசிவரைக்கும் இங்கேயே இருந்துவிட்டால் என்ன என்றுகூடத் தோன்றியது.

ஒரே ஒரு தொந்தரவு. முகாமுக்குத் தினமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சுற்றுலாக்காரர்களும் வருவார்கள். அவர்களை வரவேற்று, பவளத்தை மிதிக்கக் கூடாது என்று சொல்லி உள்ளே அனுப்ப ஓர் ஆள் வேண்டும். “உங்களை விட்டா வேற யாரு அங்கிள்” என்று ஹுமேரா அவரைக் கொட்டகை வாசலில் நிறுத்திவிட்டாள்.

பரவாயில்லை என்று அவர் நினைத்தார். இங்கே வருகிறவர்கள் யாரும் கோபித்துக்கொண்டு முத்தூருக்கு பஸ் ஏறமாட்டார்கள்.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கிருபாசங்கர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று. இந்நேரம் வெள்ளகோவிலில் இரண்டாம் பந்தி நடக்கும். வாசலில் எவன் மாட்டினானோ, பாவம். அவருக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது. சிரித்த முகத்தோடு, மணல் ரோட்டில் வந்து நின்ற வேனைப் பார்த்துக் கையைக் கூப்பினார்.

“வாங்க, வாங்க. வாங்கம்மணி. வா கண்ணு. செருப்ப இக்கட்ட கழட்டி வுட்டுருங்க. வாங்க பெரியவரே...”

பெரியவர் நகரவில்லை. அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். கிருபாசங்கரும் நன்றாகப் பார்த்தார். முத்தூர்ப் பெரியப்பா.

“கேட்டுப்போட்டாரு” என்றார் பெரியப்பா, திரும்பி வேனைப் பார்த்து. குரல் உடைந்தது. “ஆறு வருசம் கழிச்சு மாப்ள என்னைய வாங்கன்னு கேட்டுப்போட்டாருப்பா.” அவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பீரமாக உள்ளே நடந்து போனார்.

அவருக்குப் பின்னால் தாம்பாளத்தோடு செங்கோட்டையன் இறங்கினான். அவனுக்குப் பின்னால் பட்டுச்சேலையில் மாரியாத்தாள்.

“ஏம்ப்பா” என்றார் கிருபாசங்கர். “இன்னைக்குக் கிரகப்பிரவேசமல்ல?”

“என்னங் மாமா இப்படிக் கேட்டுப்போட்டீங்க? நீங்க இல்லாம நாங்க பாலக் காய்ச்சுவமுங்களா? தேதிய மாத்தியாச்சுங்க.” தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், குங்குமம், ஒரு பத்திரிகை. “ஊட்டுக்கு ஒரே மாப்பிள்ளை. நேர்ல வந்து அழைக்காட்டி ஒறம்பரைச் சனமெல்லாம் என்னங் நெனைக்கும்?”

கிருபாசங்கர் பத்திரிகையைப் பிரித்தார். தை மாதம் மூன்றாவது ஞாயிறு. அவர் ஊர் திரும்பி மூன்றாவது நாள். கீழே தடித்த எழுத்தில் இப்படி இருந்தது: ‘வாசலில் வரவேற்பவர்: ஆழ்கடல் வீரர் துடியலூர் திரு. கிருபாசங்கர்.’

“இத எப்ப அடிச்சீங்க?” என்றார் ஈனக் குரலில்.

“நீங்க போற தேதியும் வார தேதியும் சொன்னீங்களல்லங்க? அதுக்கு மறுநாளுங்க” என்றாள் மாரியாத்தாள். “எல்லாருக்கும் அப்பவே குடுத்தாச்சுங்க. எண்ணூறு பேருங்க. நீங்கதானுங்க பாக்கி.”

அவர் கடலைக்கூடப் பார்க்காத கார்த்திகையிலேயே அவரை ஆழ்கடல் வீரராக்கி, ஊருக்கெல்லாம் கொடுத்து முடித்திருக்கிறார்கள். எண்ணூறு பேருக்குத் தெரிந்த தேதி அவர் ஒருவருக்குத்தான் தெரியவில்லை.

கிருபாசங்கர் கடைசியாக ஒரு முயற்சி செய்தார்.

“எனக்கு வரோணும்னு ஆசைதான் மாரி. ஆனா இங்க வேலை தலைக்கு மேல கெடக்குது. என்னைய வுட்டாப் பலகை கட்ட ஆளில்ல. மாசி வரைக்கும் அனுப்பமாட்டாங்க. வேணும்னா ஹுமேராவையே கேளு.”

ஹுமேரா பெரியப்பாவுக்கு மோர் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்தாள்.

“அட, ஆன்ட்டி முந்தாநாளே போன்ல கேட்டுட்டாங்க அங்கிள். கிரகப்பிரவேசம் முடிச்சுட்டு நீங்க எப்ப வேணும்னாலும் திரும்பி வரலாம். அதுக்கு நாங்களும் வர்றோம், வேன் பேசியாச்சு. டீம்ல மொத்தம் பதினெட்டுப் பேர்.”

மாரியாத்தாள் முகம் மலர்ந்தது. விரலை மடக்கிக் கூட்டிப் பார்த்தாள். புருஷனின் தோளில் ஒட்டியிருந்த மணலை அன்பாகத் தட்டிவிட்டாள்.

“அப்ப எண்ணூத்திப் பதினெட்டுங்க. பயப்படாதீங்க, இப்பத்தான் நல்லா மூச்சு புடிக்கப் பழகியிருக்கறீங்களல்லங்க? அதுக்குத்தானுங்க நானும் உங்களையக் கடலுக்கு அனுப்பி வெச்சனுங்க.”